வேன் நிற்காத வீடு

“டீச்சர், வேன்ல ஏறணும்னா வீடு எவ்வளவு தூரத்துல இருக்கணும்?”

முதல் வகுப்பில் சேர்ந்த புதிதில் அந்தப் பெண் குழந்தை இப்படிக் கேட்டபோது வகுப்பே சிரித்தது. அவள் வீடு பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டி இருந்தது. அவள் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வகுப்பறையில் கேட்கும். மணி அடித்த பிறகு கிளம்பினாலும் பேர் கூப்பிடுவதற்குள் வந்து உட்கார்ந்துவிடுவாள். தலைமையாசிரியையும் சிரித்துக்கொண்டே, “உனக்கு எதுக்கும்மா வேன்? ஒரு தாவு தாவினா வந்துடுவியே” என்றார். குழந்தையும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்ற குறை கொஞ்ச நேரம் அவள் முகத்தில் இருந்தது. பிறகு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

அவள் மூன்றாம் வகுப்புக்கு வந்த ஆண்டில்தான் ஊரையெல்லாம் அடைத்துப்போட்ட அந்தத் தொற்றுநோய் வந்தது.

அந்தக் கல்வி வட்டாரத்திலேயே சிறிய பள்ளி அது. இரண்டே ஆசிரியர்கள். சுற்றிலும் தோட்டங்கள்; ஒரு வீட்டில் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. கல்வியாண்டு தொடங்க வேண்டிய நாள் நெருங்கியபோது வட்டாரக் கல்வி அதிகாரி எல்லாத் தலைமையாசிரியர்களையும் தொலைபேசியில் அழைத்தார். கட்டடத்தைத் திறக்கக் கூடாது, ஆனால் குறித்த நாளில் படிப்பு தொடங்கியே ஆக வேண்டும், ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது, பாடம் செல்போனில் போகட்டும் என்றார். எங்கள் பக்கம் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும், பிள்ளைகளை அங்கே ஏற்றவா என்று தலைமையாசிரியை கேட்டார். அதிகாரி நல்ல மனிதர். சிறிது யோசித்துவிட்டு, அப்படியானால் உங்களுக்குத் தோன்றுகிறபடி செய்யுங்கள், செய்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்றார்.

தலைமையாசிரியைக்குத் தோன்றியது பள்ளி வேன். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியாவிட்டால் பள்ளியைப் பிள்ளைகளிடம் கொண்டுபோவது.

பள்ளியின் தாழ்வாரச் சுவரில் வரிசையாக ஆணிகள் உண்டு. எழுத்துத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காக ஒவ்வோர் ஆணிக்கு மேலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். குடை, மீன், விசிறி, சாவி, ஏணி. பள்ளியில் சேரும் அன்று பிள்ளை தனக்கான படத்தைத் தானே தேர்ந்துகொள்ளும்; ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வரை அதுதான் அதன் இடம். சுவரை ஒட்டிய வீட்டுக் குழந்தை தேர்ந்தது ஏணி. எல்லோரும் அவளை ஏணி என்றே கூப்பிட்டார்கள்.

தலைமையாசிரியையும் உதவி ஆசிரியரும் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு துணிப்பைகள் தைத்தார்கள். அதே படத்தை மேலே ஒட்டினார்கள். பாடத்தாள்களும் பென்சிலும் வைத்த ஒரு பை வீட்டுக்குப் போகும். அது திரும்பி வரும்போது மற்றது போகும். வந்த பையை உடனே தொடாமல், கிருமி போகட்டும் என்று, வெயில் விழும் அந்தத் தாழ்வாரத்து ஆணியில் சில நாள் காயப்போட்டு அப்புறம்தான் திருத்த எடுப்பார்கள். ஆக, எந்த ஆணியும் எப்போதும் வெறுமையாக இருக்காது.

வேன் ஓட்டுநருக்கு மின்னல் என்று பெயர். மாட்டுக்கும் வழிவிட்டு, மாட்டின் கன்றுக்கும் வழிவிட்டுப் போகிறவர் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். வருஷக்கணக்காக ஓடிய அதே வழியில், நின்ற அதே இடங்களில் நின்று ஹார்ன் அடித்தார். பிள்ளைகள் முகக்கவசத்தோடு ஓடி வந்தார்கள். தலைமையாசிரியை முன் இருக்கையில் இருந்தபடியே ஜன்னல் வழியாக ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசினார். ஊர் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. அடைந்து கிடந்த வீடுகளுக்கு அந்த ஹார்ன் சத்தம் அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அன்று மாலை தலைமையாசிரியை தொட்டியின் மேல் ஏறி அதிகாரிக்குப் போன் செய்து, எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையும் விடுபடவில்லை என்றார். சொல்லும்போது மனம் நிறைந்திருந்தது. கல்வியாண்டு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் தந்தை நகரத்து மருத்துவமனையில் அதே நோயில் இறந்துபோயிருந்தார். பார்க்க விடவில்லை. போனில் மட்டும் பேச முடிந்தது. அந்தத் துக்கத்தை வேலையில் கரைக்க வேண்டும் என்று வீம்பாக இருந்தார்.

முதல் சுற்றுப் பைகள் காய்ந்து இறங்கின. குடை திருத்தினார், மீன் திருத்தினார். ஏணியைத் தூக்கியபோது கனமாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. திறந்து பார்த்தார். தாள்கள் தான் மடித்த மடிப்பிலேயே இருந்தன. பென்சில் சீவப்படவில்லை.

மின்னலைக் கூப்பிட்டார். அவர் தலையைச் சொறிந்தார். வேன் நிற்கும் இடங்களின் வரிசைப்படிதான் பைகளை எடுத்தாராம். ஏணிக்கு ஏது நிறுத்தம்? பக்கத்து வீடுதானே, டீச்சர் கையாலேயே கொடுத்திருப்பார் என்று நினைத்துவிட்டார். தலைமையாசிரியையோ எல்லாப் பையும் வேனில்தான் போகிறது என்று நினைத்திருந்தார்; முன் இருக்கையில் பேசிக்கொண்டு வந்தவர் பைகளை எண்ணிப் பார்க்கவில்லை. மலையோரத்துக் கடைசி வீடுவரை பை போயிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

அவர் பையை எடுத்துக்கொண்டு உடனே போனார்.

அந்த வீட்டுக் கதவு மூடியிருந்தது. பள்ளி வாசலைப் பார்த்த ஒரே கண்ணாடி ஜன்னல்; அதுவும் சாலைப் புழுதி படிந்து மங்கியிருந்தது. தட்டியதும் ஏணியின் அம்மா ஜன்னலுக்குப் பக்கத்து மரப்பலகைக் கதவை மட்டும் கொஞ்சம் திறந்தாள். நகரத்து மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர் அவள். நோய் வார்டில் இரவு வேலை. கணவன் இல்லை, அவள் வேலைக்குப் போகும்போது அவளுடைய சித்தி வந்து பிள்ளைக்குத் துணை படுப்பாள். அவள் வார்டில் வேலை செய்வது தெரிந்த நாளிலிருந்து ஊர் அந்த வீட்டுப் பக்கம் நடப்பதையே குறைத்துக்கொண்டது. கடைக்காரர்கூடச் சாமானைத் தெருவில் வைத்துவிட்டு எட்டி நின்று கூப்பிடுவார்.

தலைமையாசிரியை நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

“இருக்கட்டும் டீச்சர். ஊரே பயப்படுது. நீங்களும் மனுஷிதானே.”

“பயந்து இல்லம்மா. சத்தியமா மறந்துட்டோம்.”

“தினமும் ஜன்னல்ல நின்னு பாத்தா. எல்லாப் பையும் போகுது. நாளைக்கு நம்மளுது வரும், நாளைக்கு வரும்னு இருந்தா. நேத்திலிருந்து ஜன்னல் பக்கமே போறதில்ல.”

நாளை மறுநாள் அவள் அண்ணன் நகரத்திலிருந்து வருகிறார், பிள்ளையைக் கூட்டிப்போகப் போகிறார் என்றாள். அங்கே அண்ணிக்குக் கைக்குழந்தை இருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். படிப்பு என்ன ஆவது என்று தலைமையாசிரியை கேட்டார்.

“பள்ளிக்கூடமே வேணாங்கும்போது நான் மட்டும் என்ன பண்றது?”

அவர் பையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“மத்த பிள்ளைங்களுக்கு வேன் நிக்குது, ஹார்ன் அடிக்குது, ஊர் பாக்குது. எங்களுக்கு மட்டும் சந்து வழியா, யாருக்கும் தெரியாம. அது வேணாம் டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க.”

தலைமையாசிரியை பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில வேன் உங்க வாசல்ல நிக்கும்மா.”

“நின்னா பாப்போம்” என்று அவள் பலகையைச் சாத்தினாள்.

செய்தி கால் முளைத்து ஓடியது. மாலையில் கடைக்காரர் பள்ளி வாசலில் வந்து நின்றார். பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். அவர் பேத்தியின் படம் சாவி. ஏணிக்கு அடுத்த ஆணி. நோய் வார்டிலிருந்து ஆள் வருகிற வீட்டுப் பை அங்கே தொங்கினால் எங்கள் பை எப்படித் தொங்கும் என்று கேட்டார். கெட்டவர் அல்ல. பயந்தவர். பயம் பேசும்போது நல்லவர் குரலும் கெட்டவர் குரல் போலவேதான் கேட்கிறது.

தலைமையாசிரியை அவரைத் தாழ்வாரத்தின் ஓரத்தில் நிறுத்தி, ஆணி வரிசையைக் காட்டினார்.

“இந்த வெயிலைப் பாருங்க. சாவிக்கு ஒரு வெயில், ஏணிக்கு ஒரு வெயிலா அடிக்குது? உங்க பேத்தி பையைக் காயவைக்கிற அதே வெயில்தான் அதையும் காயவைக்குது.”

“அது சரி மேடம், இருந்தாலும்…”

“நாளைக்கு உங்க வீட்டுல யாருக்காவது வந்து அந்த வார்டுல படுத்தா, தரையைத் துடைக்க அவதான் வரணும். அவ பிள்ளைக்கு ஒரு ஆணி தர மாட்டோம்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?”

வேண்டுமானால் சாவிப் பையை வேறு ஆணிக்கு மாற்றித் தருகிறேன், ஏணியை மாற்ற மாட்டேன் என்றார். கடைக்காரர் நெடுநேரம் ஆணிகளையே பார்த்தார். பேத்தி தேர்ந்தெடுத்த படமாயிற்றே, அதை மாற்றினால் வீட்டில் அவருக்குச் சோறு கிடைக்காது என்று முனகிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மின்னல் வேனை வாசலுக்கு எடுத்துவந்து நிறுத்தினார்.

“டீச்சர், கேக்குறேனேன்னு கோவிச்சுக்காதீங்க. செகண்ட் கியர்கூடப் போடறதுக்குள்ள அந்த வீடு வந்துடும்.”

“ஃபர்ஸ்ட் கியர்லயே போங்க.”

“இதை நடந்தே குடுத்துட்டு வந்தா…”

“அண்ணே, வண்டியை எடுங்க.”

வேன் உறுமியது. வாசலைத் தாண்டித் திரும்பியது. திரும்பிய உடனே நின்றது. மின்னல் தன் வாழ்நாளில் அடித்ததிலேயே நீளமான ஹார்னை அடித்தார். எதிர் வீட்டுக் கதவுகள் திறந்தன.

ஜன்னல் திறக்கவில்லை. கதவும் திறக்கவில்லை. தலைமையாசிரியை மனதுக்குள் இறைவனை வேண்டிக்கொண்டார். இன்னொரு தடவை அடிக்கட்டுமா என்று மின்னல் கேட்டார். அடியுங்கள் என்றார். கிளம்பலாமா என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வண்டி அங்கேயே நின்று புகைந்தது.

கதவு திறந்தது. ஏணி சீருடை போட்டுக்கொண்டு, முகக்கவசத்தோடு வந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தது. வேறு எந்தப் பிள்ளையும் இதுவரை சீருடையில் வந்ததில்லை.

“ஸ்டாப்பிங் வந்துடுச்சு கண்ணு” என்றார் மின்னல். “டிக்கெட் எடுத்தாச்சா?”

அவள் கண்கள் சிரித்தன. பையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து தலைமையாசிரியையைப் பார்த்தாள்.

“டீச்சர், அப்போ இவ்வளவு தூரம் இருந்தாப் போதுமா?”

“போதும்மா. இவ்வளவு போதும்” என்றார். பழைய கேள்வி அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அன்று மாலையும் தொட்டி மேல் ஏறினார். முன்பு சொன்னது தவறு, ஒரு பிள்ளை விடுபட்டிருந்தாள், பிழை எங்களுடையது என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு, அப்படியென்றால் மற்றப் பள்ளிகளிலும் வாசலுக்கு அருகில் இருக்கிற பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டார். அந்த வட்டாரத்தில் வேன் வைத்துப் பாடம் அனுப்பிய வேறு பள்ளிகளிலும் அப்படிச் சில பிள்ளைகள் இருந்தார்கள்.

மறுநாள் வேன் நின்றபோது பலகை முழுதாகத் திறந்தது. அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அம்மா சொன்னாள். கண்களில் இரவு வேலையின் சிவப்பு இருந்தது.

அதற்கடுத்த வாரம் ஒரு குளிர்ந்த காலை. தலைமையாசிரியை முகக்கவசத்துக்கு மேல் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். மூச்சு விடவிட அது மங்கிக்கொண்டே வந்தது. கழற்றுவதும் துடைப்பதுமாக இருந்தார். ஏணி பையைக் கொடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சோப்புத் தண்ணி தடவித் தொடச்சீங்கன்னா ஆவி படியாது டீச்சர். எங்கம்மா சொன்னாங்க.”

“அம்மாவுக்குக் கண்ணாடி கிடையாதே?”

“வார்டுல தாத்தா பாட்டிங்களுக்கு. மூஞ்சில காத்து மாஸ்க் போடுறாங்கல்ல, கண்ணு தெரியாமப் போயிடுமாம். தினமும் விடியிறப்போ அம்மாதான் எல்லாரோடதையும் தொடச்சுக் குடுப்பாங்க. அது அவங்க வேலை இல்லையாம். சும்மா செய்யறாங்க.”

தலைமையாசிரியை கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். கடைசி நாட்களில் தந்தை போனில் சொன்னது காதில் கேட்டது. யாரோ ஒரு பெண், முகம் தெரியவில்லை, எல்லாம் மூடியிருக்கிறது, காலையில் வந்து என் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டுப் போகிறாள், சோப்பு வாசனை அடிக்கிறது, ஜன்னலில் மரம் தெரிகிறது என்றார். அவர் போன பிறகு பொட்டலமாக வந்த பொருட்களில் அந்தக் கண்ணாடி இருந்தது. ஒரு கறை இல்லை. யார் துடைத்தது என்று கேட்க அவருக்கு ஆள் தெரியவில்லை.

“போலாமா டீச்சர்?” என்றார் மின்னல்.

“போலாம்.”

வேன் கிளம்பியது. பின்னால் புழுதி எழுந்து ஏணி வீட்டு ஜன்னலில் படிவதை வேனின் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். வேன் அங்கே நின்று கிளம்ப ஆரம்பித்ததிலிருந்து அந்தப் புழுதி இரண்டு மடங்காகியிருந்தது.

அடுத்த நாள் மின்னல் வருவதற்கு முன்பே அவர் பள்ளிக்கு வந்தார். வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. இரவு வேலை முடித்து வந்தவள் அசந்து தூங்கும் நேரம். சித்தியும் தன் வீட்டுக்குப் போயிருப்பாள். தெருவில் யாருமில்லை. தலைமையாசிரியை ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, சோப்பைக் கரைத்து, பழைய பருத்தித் துணியோடு சுவரைச் சுற்றிப் போனார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். சத்தம் வராமல் ஜன்னலின் மேல் மூலையிலிருந்து துடைக்கத் தொடங்கினார். தண்ணீர் செம்மண்ணாக வழிந்தது. துணியை அலசி மறுபடி துடைத்தார். கடைசியாகக் காய்ந்த துணியால் ஒரு தடவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாயில் ஒரு சிறிய கால் தெரிந்தது. யாரும் அசையவில்லை.

வாளியைச் செடிக்குக் கவிழ்த்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஆணிகளிலிருந்து பைகளை எடுக்க ஆரம்பித்தார். முதலில் ஏணி.