தேவிக்குக் கொடுத்த வயிறு

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் ஆரம்பித்தது. என் சிரிப்புதான். பெண் கலைஞர்களின் கண்காட்சி ஒன்றைப் பற்றி எழுதப் போயிருந்தேன். கால்களை அகட்டிக் குந்தி, பாவாடையைத் தூக்கிப் பிடித்து, வாய் நிறையச் சிரிக்கும் ஒரு தேவி அங்கே இருந்தாள். பழங்காலக் கற்களில் இவளுடைய சொந்தக்காரிகள் பல தேசங்களில் உண்டு. இவள் புதியவள், பிளாஸ்டரில் வார்த்தவள். நானும் சிரித்துவிட்டேன். உடனே, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஏன் திரும்பினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. மீதியெல்லாம் கற்பனை.

2

சிற்பி வெட்கத்தோடு தேவி மேல் மூடியிருந்த துணியை விலக்கி—

(இல்லை. வெட்கப்பட்டது நான். அதை அவள் தலையில் கட்டப் பார்த்தேன்.)

சிற்பிக்கு வயிறுதான் பிரச்சினை. கையால் பிசைந்த வயிறெல்லாம் பானை மாதிரி வந்தது. கடைசியில் அக்காவைக் கேட்டாள். அக்கா தையல்காரி. தினமும் இருபது பேர் வயிற்றை அளக்கிறவளுக்குத் தன் வயிற்றைக் கொடுப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று படுத்துவிட்டாள். ஒரே நிபந்தனை, அது அவளுடையது என்று யாருக்கும் தெரியக்கூடாது. எண்ணெய் தடவி, ஈர பிளாஸ்டர் துணியை அடுக்கினார்கள். அக்கா சிரித்ததில் முதல் அச்சு விரிசல் விட்டது. இரண்டாவது நின்றது. பிரசவ வரிகள், மடிப்பு, இடப்பக்கம் கோணிப்போன அறுவைத் தழும்பின் பள்ளம் என்று எல்லாம் விழுந்தன.*

*அச்சுக்கு எதையும் விடத் தெரியாது. அந்த வித்தை எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

கடையில் அக்காவோடு ஒரே அறையில் உடை மாற்றும் மூன்று பெண்களுக்கு அந்தத் தழும்பு தெரியும். அவர்களும் கண்காட்சித் திறப்புக்கு வருகிறார்கள். சிற்பி யோசித்தாள். பள்ளத்தை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

3

அக்கா முதல் ஆளாக வந்தாள். முதல் வரைவில் முகத்தை மூடிக்கொண்டாள், இரண்டாவதில் அழுதாள். இரண்டும் அவளுக்குப் பொருந்தவில்லை. தேவியைச் சுற்றி வந்தவள், “நல்லா காத்தாட உக்காந்திருக்கா” என்றாள். பிறகு துணியை நீவுவது போல வயிற்றை நீவினாள். கை நின்றது.

“எங்கடி என் தழும்பு?”

“நீதானக்கா யாருக்கும் தெரியக்கூடாதுன்ன?”

“ஊருக்குத் தெரியக்கூடாதுன்னேன். எனக்கே தெரியாம ஆக்கச் சொன்னேனா?”

  அக்காவுக்குத் தெரிகிற மாதிரியும் மற்றவர்களுக்குத் தெரியாத மாதிரியும் ஒரு தழும்பை எப்படிச் செதுக்குவது? சிற்பி சின்ன உளியை எடுத்தாள். அக்கா அதை வாங்கிக்கொண்டாள்.

4

ஒரு முடிவில் அக்கா பள்ளத்தைத் திறக்கிறாள், தோழிகள் கண்டுகொள்கிறார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள். எழுதிப் பார்த்தேன், நானே கைதட்டிக்கொள்வது போல இருந்தது. இன்னொன்றில் உளியைக் கீழே வைக்கிறாள். தேவி யாருடையதோ ஆன வயிற்றோடு சிரிக்கிறாள். இதை நம்ப முடிகிறது, ஆனால் எழுதக் கை வரவில்லை.

அக்காவையே கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். “வயிறு என்னோடது. நீங்க யாரு?” என்றாள்.

படியில் மூன்று பேரின் செருப்புச் சத்தம். உளி வயிற்றின் மேல் இருக்கிறது. நான் திரும்பி நின்றுகொள்கிறேன். பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் பாருங்கள், அவள் விட்டால்.