மிளகாய் காயும் மசாஜ் நாற்காலி

ஓக்புனுக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. கடைவாய்ப் பற்கள் போய் ஒரு வருடமாகிறது. மொறுமொறு முள்ளங்கி ஊறுகாயான கிம்ச்சியைக் கடிக்க வழியில்லை. கஞ்சியும் தோஃபுவுமாகவே பொழுது போகிறது. பல் கட்டப் பணமில்லை. ஆனால் யாரும் உட்காராத அந்த மசாஜ் நாற்காலிக்கு மட்டும் மாதாமாதம் வாடகை தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இப்போது அதன் மேல் மிளகாய் காய்கிறது.

இன்று மாலைக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடத்துக்குத் தானாகவே நீண்டுவிடும். ஒப்பந்தமோ கணவர் மான்சிக் பெயரில். அந்த மனுஷனைப் பேசவிட்டால் போச்சு! போன தடவை நிறுத்தத்தான் வாடகைக் கம்பெனிக்குப் போன் செய்தார். அங்கே பேசிய பெண் கெஞ்சியதும் மனம் இளகி, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினையும் சேர்த்து வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ரைஸ் குக்கர் இலவசம் என்று பல்லை இளித்தார். அவருக்கென்ன, இளிக்கப் பல் இருக்கிறது.

அதனால் ஓக்புனே போன் செய்தாள்.

"மன்னிக்கணும்மா. யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும்," என்றாள் அந்தப் பெண்.

"நான் அவர் பொண்டாட்டி! முப்பது வருஷமா அவருக்கும் சேர்த்து நான்தான்மா பேசிக்கிட்டிருக்கேன்."

"சார் பக்கத்துல இருந்தா குடுங்களேன். நல்ல சலுகை ஒண்ணு..."

சலுகை என்று காதில் விழுந்ததுதான் தாமதம், ஓக்புனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவரு செத்துட்டாரு!"

சோபாவில் பேரிக்காய் தின்றுகொண்டிருந்த மான்சிக்கின் வாய் அப்படியே நின்றது.

"அய்யோ, ரொம்ப வருத்தம்மா. இறப்புச் சான்றிதழ அனுப்புங்க, உடனே நிறுத்திடறோம்."

"அதுக்கு நான் எங்கடியம்மா போவேன்!" ஓக்புன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். ஆத்திரம் பாதி, ஈறு வலி பாதி.

மான்சிக் எழுந்து வந்து போனுக்குக் கை நீட்டினார்.

"ஜின்து அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எதையும் வாங்கித் தொலைச்சிடாதீங்க!" என்று பிள்ளை பேரைச் சொல்லிக் கெஞ்சினாள் ஓக்புன்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "செத்துப்போனவன்தாம்மா பேசறேன்."

"சார்... நீங்களா?"

"நானேதான். செத்தவனுக்கு முதுகு வலிக்காது. நாற்காலிய எடுத்துட்டுப் போயிடுங்க. எம் பொண்டாட்டிக்குப் பல் கட்டணும்."

"சார், மூணு மாசம் இலவசமா..."

"வேண்டாம்மா."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து ஓக்புன் கேட்டதே இல்லை. அவர் போனை வைத்ததும் சட்டைக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா, இன்னிக்கு உங்கள நான் சாகடிச்சிருக்க வேண்டாமே!"