நடந்தே தீரவேண்டிய விடுமுறை

1

இந்தக் கதை எனக்குக் குளியலறை வரிசையில் கிடைத்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில், எங்கள் மாவட்டப் பூங்காவின் காட்டுக்குள் கூடாரம் போட்டுவிட்டு, கொசு பிடுங்கிய முழங்கையைச் சொறிந்தபடி துண்டும் சோப்புமாக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும். மகளுக்குப் பதினொன்று பன்னிரண்டு வயதிருக்கும். அவள் கேட்டாள்:

"இன்னிக்கும் நாம சுத்திப் பாக்க வந்தவங்களாவே இருக்கணுமா?"

அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வாயை மூடு" என்றாள். பிறகு குளிக்கப் போய்விட்டார்கள். நான் காடு பார்க்க வந்த ஆள். அதற்கப்புறம் ஒரு மரத்தைக்கூட நிம்மதியாகப் பார்க்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "ஓக் மரங்களின் இடுக்கில் காலை வெயில் பொன்னாக இறங்கிக்கொண்டிருந்தது. கூடாரத்தை விட்டு வெளியே வந்த டார்லா ஆழமாக..."

மூச்சை இழுத்தாளா? எங்கே இழுத்தாள்! மழையில் நனைந்த போர்வை காயுமா என்று வானத்தைப் பார்த்தாள். பொன்னாவது, வெயிலாவது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஏரியைச் சுற்றி மூன்று காட்டுப்பாதைகள் உள்ளன. அவற்றுள் நீளமானது..." சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

மூன்றாவது: "டார்லாவுக்கு வீடு இல்லை."

இதை எழுதியதும் டார்லா என்னை முறைத்தாள். (கதாபாத்திரம் முறைக்குமா என்று கேட்காதீர்கள். எழுதிப் பாருங்கள், தெரியும்.) அவள் ஊருக்கே மறைத்து வைத்திருப்பதை முதல் வரியிலேயே போட்டு உடைத்தால் கோபம் வராதா? வரட்டும். இதை விட்டால் எனக்குக் கதையே இல்லை.

3

விஷயம் இதுதான். டார்லா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். கோடையில் பள்ளி கிடையாது, பள்ளி இல்லையென்றால் சம்பளமும் கிடையாது. வருஷா வருஷம் எப்படியோ இழுத்துப் பிடித்துவிடுவாள். இந்த வருஷம் கார் படுத்துக்கொண்டது, அதைச் சரிசெய்ததில் வாடகை நின்றது, வீடு போனது. பள்ளி திறக்கும்வரை பூங்காவில் கூடாரம் போட்டு மகள் ஷெல்பியோடு ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள். பூங்காவில் ஒரே ஆள் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கக்கூடாது. அதனால் ஒரு தடவை மேட்டு முகாம், ஒரு தடவை ஏரிக்கரை முகாம். ஒரு தடவை தன் பெயர், ஒரு தடவை அக்கா பெயர்.*

தெரிந்தால் என்ன, வெளியே போகச் சொல்வார்கள், அவ்வளவுதானே என்கிறீர்களா? அவ்வளவுதான் என்றால் நான் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழப்போகிறேன்? யாராவது நல்ல மனசோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போடுவார்கள். அங்கிருந்து யாராவது நல்ல மனசோடு வந்து ஷெல்பியைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதுதான் டார்லாவின் பயம்.

ஆகவே நடக்கிறாள். சும்மா உட்கார்ந்திருந்தால் குடியிருப்பவர்கள் போலத் தெரியும். நடந்தால் விடுமுறைக்கு வந்தவர்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், ரொட்டிப் பொட்டலம் சகிதம் தினமும் காலையில் தாயும் மகளும் காட்டுக்குள் கிளம்பிவிடுவார்கள். அந்த ஏரியைச் சுற்றிச் சுற்றி அவர்களுக்கு ஏரி என்றாலே குமட்டுகிறது.

* அக்கா வீட்டுக்கே போயிருக்கலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். எழுதியும் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தில் அக்கா புருஷன், ஷெல்பி எவ்வளவு பால் குடிக்கிறாள் என்று பேச்சை எடுத்தான். டார்லா கிளம்பி வந்துவிட்டாள். அக்கா தன் பெயரை மட்டும் இரவல் கொடுத்தாள்.

4

கதையில் ஒரு ஆபத்து வேண்டுமே என்று இருவரையும் காட்டில் வழிதவற வைக்கப் பார்த்தேன். அடச்சே, இந்தப் பூங்காவில் அது நடக்கிற காரியமா? எந்தப் பக்கம் போனாலும் சீக்கிரமே வண்டி நிறுத்துமிடம் வந்துவிடுகிறது. வழியெல்லாம் மரத்துக்கு மரம் மஞ்சள் அடையாளம். கரடி? கொசுதான் இருக்கிறது. சரி, போகட்டும். இவர்களுக்கு ஆபத்து மரத்துக்குப் பின்னாலிருந்து வரவில்லை.

ஒரு நாள் பாதி வழியில் ஷெல்பி ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல. நீ மட்டும் போய் என்ஜாய் பண்ணு."

"எந்திரிடி. ஆள் வர்ற சத்தம் கேக்குது."

"வரட்டுமே. எனக்குக் கால் வலிக்குதுன்னு சொல்லு. விடுமுறைக்கு வந்தவங்களுக்குக் கால் வலிக்காதா?"

டார்லா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இதற்குள் நகரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கையில் ஊன்றுகோலும் முதுகில் பையுமாக வளைவில் திரும்பியது. அவ்வளவுதான், ஷெல்பி துள்ளி எழுந்தாள். முகத்தில் அப்படியொரு சிரிப்பு. மேலே ஒரு மரத்தில் கழுகுக் கூடு இருக்கிறது, தவறவிடாதீர்கள் என்று அவர்களுக்கு வழி சொன்னாள். நீங்கள் எந்த ஊர் என்று அவர்கள் கேட்பதற்குள், எந்த ஊர் என்று அவள் முந்திக் கேட்டாள். அவர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

டார்லாவுக்கு நிம்மதியும் வந்தது, அழுகையும் வந்தது. பெற்ற பெண் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாளே என்று மனசை அறுத்தது. நடந்துகொண்டே அழுதாள். ஷெல்பி அதைப் பார்த்துவிட்டு மிச்ச வழி முழுக்க ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை.

5

இனி லவான். இவளை எழுதும்போதுதான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

லவான் ஏரிக்கரை முகாமின் பொறுப்பாளர். சம்பளம் இல்லை, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள தன் வீட்டு வண்டியை வாசலிலேயே நிறுத்திக் கோடை முழுக்கத் தங்கிக்கொள்ளலாம், அதுதான் அவளுக்குக் கூலி. (இரண்டு வார விதி அவளுக்கு இல்லை. இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றிருந்தேன், முடியவில்லை.) விறகுக் கட்டு விற்பாள், நாய்களுக்குப் பிஸ்கட் போடுவாள், ஆகஸ்ட் வந்தால் வெள்ளரி மாதிரி இருக்கும் சுக்கினிக் காய் போட்ட ரொட்டியைச் சுட்டுச் சுட்டு எல்லார் கூடாரத்திலும் திணிப்பாள். இவளைக் கெட்டவளாக எழுத நான் படாத பாடு பட்டேன். கெட்டவளாக இருந்தால் எவ்வளவு வசதி! சனியன், நல்லவளாகவே இருக்கிறாள்.

அவள் ஒரு நாள் ரொட்டியோடு வந்து, மலர்ந்த முகத்தோடு விஷயத்தைச் சொன்னாள். செப்டம்பர் முதல் வாரம் வரும் தொழிலாளர் தின விருந்தில் இந்தக் கோடையின் சிறந்த நடைக் குடும்பம் என்று ஒருவரை மேடையேற்றலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அலுவலகச் சுவரில் படம் மாட்டுவார்கள், மாவட்டத்தின் இணையப் பக்கத்திலும் போடுவார்கள்.

"உங்களைத் தவிர வேற யாரு? மழையில கூட நடந்தீங்களேம்மா, நான் பாத்தேனே."

டார்லா வேண்டாம் என்றாள். இங்கேதான் ஊர் வழக்கம் அவள் கழுத்தை அறுத்தது. இந்தப் பக்கத்தில் எதையும் முதல் தடவையே வாங்கிக்கொள்வது மரியாதை இல்லை. ஒரு கோப்பை காப்பி கொடுத்தாலும் அய்யோ வேண்டாம் என்று இரண்டு தடவையாவது மறுத்துவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும். டார்லா மறுக்க மறுக்க லவானுக்கு அவள்மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. வேறு யாருக்காவது கொடுங்கள் என்றாள். என்ன அடக்கம் என்று லவான் நினைத்தாள். எனக்குப் படம் எடுத்தால் பிடிக்காது என்றாள். லவானின் கண்ணே கலங்கிவிட்டது. நிஜமாகவே வேண்டாம் என்று சொல்ல இந்த ஊரில் வார்த்தையே இல்லை.

"நீ இப்படிச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்" என்று டார்லாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு லவான் போய்விட்டாள்.

நான் டார்லாவிடம், விடு, அன்றைக்குக் காலையிலேயே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடு என்றேன். எங்கே, என்று கேட்டாள். பள்ளி திறக்கிறது, வேலை தொடங்குகிறது, முதல் சம்பளம் வர இன்னும் இரண்டு வாரம். அதுவரைக்கும் இந்தக் காட்டை விட்டால் அவளுக்கு வேறு இடமில்லை.

6

விருந்து. ஏரிக்கரைக் கொட்டகையில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கு சாலட், பீன்ஸ், நாலு வகை சுக்கினி. டார்லா எடுத்துவந்தது கடையில் வாங்கிய பிஸ்கட். அதைத் தட்டில் அடுக்கிவைத்திருக்கிறாள். லவான் கைதட்டி எல்லாரையும் கூப்பிட்டாள். தாயையும் மகளையும் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். பிறகு கைபேசியில் விரலை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"படத்துக்குக் கீழ போடணும். எந்த ஊருன்னு போடட்டும்மா?"

7

முடிவு ஒன்று: டார்லா பழைய ஊரின் பெயரைச் சொல்கிறாள். கூட்டத்தில் ஒருத்தன், அட, நானும் அங்கேதான், எந்தத் தெரு என்று... (இந்த நாட்டில் இப்படி ஒருத்தன் இல்லாத விருந்தே கிடையாது.)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். யாரோ காசு சேர்க்க ஒரு தொப்பியைச் சுற்றுக்கு விடுகிறார்கள். ஷெல்பி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். டார்லா என் சட்டையைப் பிடித்துவிடுவாள். வேண்டாம்.

முடிவு மூன்று: லவானுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும், தெரிந்துதான்... இதை எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அதனாலேயே எழுதமாட்டேன். அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது; காட்டின்மேல் ஆசைப்பட்டுத் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்றே நினைக்கிறாள். தெரிந்தால் இப்போதே அழுதுகொண்டே போன் போடுவாள்.

முடிவு நான்கு: ஷெல்பி முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள். இல்லை. அந்தக் குழந்தையை இதற்கு மேலும் வேலை வாங்க எனக்கு மனசு வரவில்லை. அவளும் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

போதும். என்னால் முடியாது. நான் அங்கே இல்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன். இருப்பது நீங்கள்தான். கையில் காகிதத் தட்டோடு இரண்டாவது வரிசையில் நிற்கிறீர்கள். இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டீர்கள், அந்தக் கொட்டகையில் விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் நீங்கள் ஒருவர்தான். லவான் சிரித்தபடி காத்திருக்கிறாள். டார்லா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து உங்களிடம் பார்வையை நிறுத்தியிருக்கிறாள்.

தட்டைக் கீழே போடுங்கள், இருமுங்கள், மயங்கி விழுங்கள், எதையாவது செய்யுங்கள். என்னைப் பார்த்து என்ன பிரயோஜனம்? அவளைப் பாருங்கள்.