சர்வருக்குப் போகாத எடைகள்

ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘சந்தேகம்’. யார் எழுதிய கம்ப்யூட்டர் நிரலையும் அவள் லேசில் ஒப்புக்கொண்டதில்லை. “சந்தேகம் பார்த்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் டீ குடிக்கவே எழுந்திருப்பார்கள். அப்பேர்ப்பட்டவள் சரியாகச் சோதித்துப் பார்க்காமல் விட்டது ஒரே ஒரு நிரலைத்தான். அது அம்மாவுக்காக எழுதியது.

அம்மாவுக்கு இதயம் பலவீனம். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே கூட்டிவாருங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அம்மாவோ அந்த டாக்டரிடமே ஒருமுறை ஒன்றரைக் கிலோ குறைத்துச் சொல்லி, கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள். அதனால் போனில் கேட்கும் பேச்சே வேண்டாம் என்று, வேறு ஊரில் வேலை பார்த்த மகள் ஒரு ஏற்பாடு செய்தாள். அம்மாவின் பழைய கம்ப்யூட்டரில் மூன்று கட்டங்கள்: தேதி, எடை, குறிப்பு. அம்மா தட்டியது இன்டர்நெட் வழியாக மகளின் சர்வருக்குப் போகும். எடை ஏறினால் மகளின் போன் கத்தும்.

ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், அம்மாவை எடைக்கருவியில் ஏற்றி, ஒரு எண்ணைப் போடச் சொன்னாள். போட்டது அதே திரையில் பட்டியலாக வந்தது. சரி என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சர்வரில் ஒரு வரிகூட வரவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள்.

“ஏம்மா, எடை போடறியா இல்லையா?”

“தினம் போடறேனே.”

“இங்க ஒண்ணுமே இல்ல. பொய் சொல்லாதம்மா.”

முப்பது வருடம் தட்டச்சு வேலை பார்த்து, ஒரு எழுத்து பிசகினாலும் காகிதத்தை மாற்றி முதலிலிருந்து அடித்தவள் அம்மா.

“சரி, இப்ப எவ்வளவு இருக்க, சொல்லு.”

“நான் சொன்னா நம்பவா போற? எல்லாம் அதுல இருக்கு, நீயே பாத்துக்கோ,” என்று அம்மா வைத்துவிட்டாள்.

மகளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அம்மாவோடு இருந்த தம்பியைக் கூப்பிட்டாள். அவன் பஸ் ஓட்டுகிறான். அம்மா எடை பார்க்கும் நேரத்தில் பாதி ஊரைச் சுற்றியிருப்பான். “அம்மா நம்மள ஏமாத்தறாங்கடா. நீ கொஞ்சம் கண்டிச்சு சொல்லு,” என்றாள். அந்த வாரமே வியாழக்கிழமை காலை அம்மாவால் மூச்சுவிட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் அவளே சொன்னாள்: “எவ்வளவோ பண்ணிக் கொடுத்தேன். ஒரு நாள்கூட எடை பாக்கல.” சித்தி தலையில் கைவைத்துக்கொண்டு, “அவளுக்கு எப்பவுமே பிடிவாதம்,” என்றாள். அந்தப் பேச்சு வீடு முழுக்கப் பரவி உண்மையாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் காலை, அம்மாவின் போட்டோக்களை எடுக்கலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள். நிரல் வைத்திருந்த போல்டரில் அவளுக்குத் தெரியாத ஒரு கோப்பு கிடந்தது. அதன் பெயர் எண்களும் புள்ளிகளுமாக இருந்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் அது தன் சர்வரின் முகவரி என்று புரிந்தது. உடனே நிரலைத் திறந்து பார்த்தாள்.

அவள் உபயோகித்தது நிரலுக்குள்ளேயே குடியிருக்கும் தரவுத்தள லைப்ரரி, அதாவது தகவலைச் சேமித்துவைக்கும் ஆயத்த நிரல். அதே கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பைத் திறக்கும், எழுதும், படிக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வாசல் தாண்டி இன்னொரு சர்வரோடு பேச அதற்கு வழியே கிடையாது. அது தெரிந்திருந்தும், கோப்பின் பெயர் போடும் இடத்தில் சர்வரின் முகவரியைப் போட்டிருந்தாள். லைப்ரரி மறுக்கவில்லை. அந்தப் பெயரில் கோப்பு இல்லையே என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி, அம்மா கொடுத்ததையெல்லாம் அதற்குள் ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. தன் கண்முன்னால் அம்மா போட்ட முதல் எண்கூட சர்வரில் இல்லையே என்று அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை. ஊரார் நிரலையெல்லாம் சந்தேகப்பட்டவள், தன்னுடையதை நம்பிவிட்டு அம்மாவைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். இதைவிடக் கேவலம் உண்டா என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கோப்பில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஐம்பத்தெட்டு கிலோ இருநூறு. ஐம்பத்தெட்டு நானூறு. ‘நன்றாகத் தூங்கினேன்.’ ‘உப்பைக் குறைத்துவிட்டேன், திட்டாதே.’ அந்த ஞாயிறிலிருந்து ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று.

கோப்பை அப்படியே அழித்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மா பிடிவாதக்காரியாகவே இருந்துவிட்டுப் போவாள். அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டாள்.

“அம்மா பொய் சொல்லலடா. தினமும் போட்டிருக்காங்க. எனக்கு வந்து சேராதது என் தப்பு.”

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரைமுன் குனிந்தான். திட்டுவான், கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தான். கடைசி வரிக்கு வந்து அங்கேயே நின்றான்.

‘அறுபத்தொன்று தொள்ளாயிரம். கால் வீங்கியிருக்கிறது, செருப்பு நுழையவில்லை. உன் தம்பி கோபத்தில் இருக்கிறான், நான்கு நாளாகப் பேசவில்லை. இதைப் பார்த்ததும் நீயே அவனிடம் சொல்.’

“அக்கா, இது எந்தக் கிழமை போட்டது?”

“புதன்.”

“புதன் எனக்கு லீவு,” என்றான் தம்பி. “பக்கத்து ரூம்லதான் இருந்தேன்.”