உள்ளங்கை தட்டாத ஜோடி

1

“அரே, என் மேல கோவமா உனக்கு?”

சஹானா ஒருநாள் ரோஹிணியிடம் கேட்ட இந்தக் கேள்வியில்தான் கதை பிறந்தது. விஷ்ராந்த்வாடி பேட்மிண்டன் அரங்கின் ஓர பெஞ்சில் உட்கார்ந்திருந்த, இதை எழுதுகிறவளின் காதில் அது விழுந்தது. கேள்வி அவளுக்கானது அல்ல. ஆனாலும் பதில் தெரியாமல் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இருவரும் பள்ளி நாளிலிருந்தே இரட்டையர் ஜோடி. ஒவ்வொரு புள்ளி முடிந்ததும், வந்தாலும் போனாலும், உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிக்கொள்வார்கள். கொஞ்ச காலமாக ரோஹிணி கையை நீட்டுவதில்லை. மட்டையின் தலையால் சஹானாவின் மட்டையை லேசாகத் தொடுகிறாள்.

“கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. கை வேர்க்குது.”

“டிசம்பர்லயா?”

2

முதலில் எழுதிய வரி: ‘ரோஹிணியின் மணிக்கட்டில் ஒரு ரகசியம் துடித்துக்கொண்டு—’

வேண்டாம். வலிக்கு எதற்கு ஜிகினா? சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கையின் அடியில் வலித்தது. அவ்வளவுதான்.

மட்டையை அதன் கடைசி முனையில் பிடிப்பவள் ரோஹிணி. அப்படிப் பிடித்தால் எட்டாததும் எட்டும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கைப்பிடியின் விளிம்பு அதே இடத்தில் குத்தும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அவள் அம்மா பாமாவுக்கு அது போதும்.

“அதான் ஒண்ணுமில்லைன்னுட்டாங்கல்ல? ஊறுகா பாட்டிலத் திறக்கச் சொன்னா மட்டும் உனக்குக் கை வலிச்சுரும்.”

வலி போகவில்லை. வீட்டில் சொல்லாமல் போய் ஸ்கேன் எடுத்தாள். கொக்கி போல் வளைந்த சின்ன எலும்பில் விரிசல். கட்டுப் போடணும், ஆடினால் எலும்பு சேராது, அறுவை சிகிச்சை வரை போகும் என்றார் மருத்துவர்.

ஞாயிறன்று ஹடப்சரில் மாவட்ட அணிக்கான தேர்வு ஆட்டம். வயது வரம்பால் சஹானாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஜோடியாகப் பெயர் கொடுத்தாயிற்று. இனி ஆள் மாற்ற முடியாது.

ஆடியே தீர்வது என்று ரோஹிணி முடிவெடுத்தாள்.

(இங்கே எழுதுகிறவளுக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இது துணிச்சலா, அல்லது உண்மையைச் சொல்லப் பயமா? பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.)

3

முதல் முடிவு: கடைசிப் புள்ளி. ரோஹிணி எம்பி அடித்ததில் இறகுப்பந்து

இந்த வாக்கியம் முடியாது. கதைக்கு வெற்றி தேவை என்பது எலும்புக்குத் தெரியாது.

இரண்டாம் முடிவு: பாதி ஆட்டத்தில் மட்டை நழுவி விழுகிறது. ரோஹிணி மண்டியிட்டு அழுகிறாள். (இதில் வலி அவளுக்கு, அனுதாபம் எழுதியவளுக்கு. இதுவும் வேண்டாம்.)

மூன்றாவதை ரோஹிணியே கையில் எடுத்துக்கொண்டாள்.

4

ஞாயிறு காலை. ஹடப்சர் அரங்கில் சஹானா ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சஹானா, என் கையில எலும்பு விரிசல் விட்டிருக்கு. அதான் தட்டல. இன்னிக்கு நான் ஆட மாட்டேன்.”

“எப்போ தெரிஞ்சுது?”

“போன வாரமே.”

“போன வாரமேவா! நான் என்ன தப்புப் பண்ணேன்னு மண்டைய ஒடச்சிண்டிருக்கேன், பாகல்! பைத்தியம்!”

“உனக்கு இது கடைசி...”

“அத நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?”

“திட்டு, நல்லாத் திட்டு. ஆனா ஆட மாட்டேன். கட்டுப் போட்டுக்கிட்டு, பிடிய மாத்திக் கத்துக்கிட்டு, திரும்ப வருவேன். அது நிச்சயம்.”

ரோஹிணி வலது உள்ளங்கையை நீட்டினாள்.

சஹானா கையை ஓங்கினாள். ஓங்கிய கை, அந்த உள்ளங்கைக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. தட்டவில்லை. கீழே இறங்கியது.

(ஒரு பக்கம் நடுவர்களின் மேஜை. ஜோடி விலகுவதாக அங்கே சொல்ல வேண்டும். மறுபக்கம் வாசல், அதைத் தாண்டினால் பஸ் ஸ்டாப். எழுதுகிறவள் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டாள். எந்தப் பக்கம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.)

சஹானா குனிந்து தன் பையை ஒரு தோளில் மாட்டினாள். ரோஹிணியின் பையை எடுத்து மறு தோளில் மாட்டினாள். நடந்தாள்.