வடக்கு வாசல்

கிறிஸ்தவக் கோயிலின் வாங்குப் பலகை முனையில் செதுக்கியிருந்த மரப்பெண்ணின் மூக்கில் தேன்மெழுகைப் பூசி என் பழைய பெனியன் துண்டால் என் மனைவி ஜெயசீலி தேய்த்துக்கொண்டிருக்கிறாள், ஐந்நூறு வருடத்து ஓக் மரம், எத்தனையோ பேரின் தோள் பட்டு மழுங்கிய மூக்கு, இஞ்ச பாருங்கோ, இவவைப் பார்க்க எங்கட பெரிய மச்சாள் மாதிரி இல்லையே, கலியாண வீட்டில முதல் பந்தியில இடம் கிடைக்காத முகம், என்கிறாள், கோயிலுக்குள்ள சத்தம் போடாதையும் என்று நான் சொல்ல, ஏன், கடவுளுக்கு மச்சாள்மாரைத் தெரியாதோ என்கிறாள், பிறகு ஞானஸ்நானத் தொட்டியடியில் இருந்த பூச்சாடியை முகர்ந்து, சீ, தண்ணி நாறுது, ஊத்திப்போட்டு வாறன் என்று அதைத் தூக்கிக்கொண்டு தெற்கு வாசலால் வெளியே போகிறாள், அவ்வளவுதான், அந்த வாசல் முகப்பு மண்டபத்தின் உச்சியிலிருந்த கல் விழுந்தது அப்போதுதான், நான் ஓடிப் போனபோது சாடி உடையாமல் புல்லில் கிடந்தது, அவள் கிடந்த கோலத்தை நான் எழுதப்போவதில்லை.

அந்தக் கோயில் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த ஆங்கிலக் கிராமத்தில் அவள் ஆஸ்பத்திரித் தாதி வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து சனிக்கிழமைகளில் அதைத் துடைத்தவர்கள் நாங்கள், கூரைத் துலாக்களில் சிறகு விரித்த மரத் தேவதூதர்கள், பலிபீடத்துக்கு முன்னால் குறுக்கே நிற்கும் மரத் தட்டியில் பழைய வர்ணத்தில் தீட்டிய அப்போஸ்தலர்கள், எந்த ராஜாவின் காலத்திலோ உருவ வழிபாடு கூடாதென்று அவர்களின் முகங்களை மட்டும் கத்தியால் சுரண்டிவிட்டார்கள், உடுப்பை விட்டுவைச்சிருக்கிறாங்கள், பட்டில ஆசை போல என்பாள் ஜெயசீலி, நடு வளைவுக்கு மேலே சுண்ணாம்பு பூசி மறைத்த நியாயத்தீர்ப்பு ஓவியம், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் ஒரு தராசும் பிசாசின் ஒரு காலும் தெரியும், இப்போதெல்லாம் கனவில் அந்தச் சுண்ணாம்பை நான் நகத்தால் பிறாண்டுகிறேன், தராசின் ஒரு தட்டில் அவள் சாடியோடு உட்கார்ந்திருக்கிறாள், மறு தட்டில் அந்தக் கல், தட்டு இறங்க இறங்க நான் கத்துகிறேன், கோயிலுக்குள்ள சத்தம் போடாதையுங்கோ என்று அவள் எனக்கே திருப்பிச் சொல்கிறாள், விழித்தால் பல்லைக் கடித்தபடி கிடக்கிறேன், தாடை நோகிறது.

கல் ஆடுகிறதென்று கோயில் நிர்வாகத்துக்குத் தெரியும், கொத்தனார் ஏறிப் பார்த்துவிட்டுத் தெற்கு வாசலுக்குக் குறுக்கே இரும்புத் தடுப்பு வைத்து, திருத்தும்வரை வடக்கு வாசலால் போங்கள் என்று சொல்லித்தான் போனான், ஆனால் அந்த ஊரில் வடக்கு வாசல் பிசாசின் வாசல், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பிசாசு ஓடிப்போவதற்காக அதைத் திறப்பார்கள், பிசாசு போனதும் பூட்டிவிடுவார்கள், மற்றபடி ஒருவரும் அதைத் தாண்டுவதில்லை, அந்தச் சனிக்கிழமை காலை ஒரு கலியாணம், மணப்பெண்ணைப் பிசாசின் வாசலால் கூட்டிவர முடியுமா என்று கோயில் மேற்பார்வையாளர் கிளிஃபர்ட் பெல்லமி தன் கையாலேயே தடுப்பைத் தூக்கிப் பின்பக்கம் வைத்தார், திங்கட்கிழமை திரும்ப வைக்கலாம் என்று நினைத்தாராம், பின்னேரம் நாங்கள் துடைக்கப் போனபோது தடுப்பைக் காணவில்லை, திருத்தி முடித்துவிட்டார்கள் என்று நினைத்தோம், வேறு என்ன நினைப்போம், பின்பு விசாரணையில், நாங்கள் மூடநம்பிக்கைக்காரர் இல்லை, இது ஒரு வழக்கம், அவ்வளவுதான் என்றார் பெல்லமி, இதே பெல்லமிதான் நாங்கள் வந்த புதிதில் ஜெயசீலி மீன் வைத்துச் சுட்ட பணிஸ் ரொட்டியைத் தின்றபடி, மிஸஸ் ஜே, உங்கள் ஊரில் பேய்களுக்குப் பயப்படுவார்களாமே என்று கேட்டவர், இல்லை மிஸ்டர் பெல்லமி, எங்கட பேய்கள் எல்லா வாசலாலும் வரும், அதால ஒரு வாசலைப் பூட்டி வைக்கிறதில்லை என்று அவள் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், உதட்டில் பணிஸ் தூளோடு.

அடக்க ஆராதனையில் குருவானவர் ஜூடித், கர்த்தர் தமது தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்கிறார், நான் முன் வாங்கில் இருக்கிறேன், கர்த்தரா தடுப்பைத் தூக்கினார் என்று என் வாய் வரைக்கும் வருகிறது, பெட்டியைத் தூக்கியவர்கள் தெற்கே திரும்புகிறார்கள், அங்கே இப்போது பலகையும் சாரமுமாய்ப் பெரிய பந்தோபஸ்து, நான் எழுந்து நடுவழியில் நிற்கிறேன், வடக்கு வாசலைத் திறவுங்கள் என்கிறேன், பெல்லமி கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, ஐயா, ஒரு கிறிஸ்தவ அடக்கத்துக்கு அந்த வாசலா, சனம் மனம் நோகும் என்கிறார், அந்த வாசலால் அவளைப் போகவிட்டிருந்தால் இன்றைக்கு அடக்கமே இல்லை, மிஸ்டர் பெல்லமி, என்கிறேன், என் சத்தம் கூரைவரை போய்த் திரும்புகிறது, திறப்பு எங்கே இருக்கிறதோ என்று அவர் தடுமாற, உன் சாவி வளையத்தில்தான் இருக்கிறது கிளிஃபர்ட் என்கிறார் குருவானவர், என்னையல்ல, நிலத்தைப் பார்த்தபடி, பெட்டி தோள்களில் காத்து நிற்கிறது, திறப்பு இரண்டு தரம் வழுக்குகிறது, ஊறிப் பெருத்த கதவைத் தோளால் இடித்துத் தள்ள, வெளிச்சமும் தொட்டால் சுணைக்கும் காஞ்சோண்டிப் பற்றையும் முகத்தில் அடிக்கின்றன, ஜெயசீலியை நாங்கள் அதால் கொண்டுபோகிறோம், முட்கள் காற்சட்டைக்கு மேலால் குத்துகின்றன, குத்தட்டும், திரும்பிப் பார்க்கிறேன், குருவானவர் வருகிறார், அவளோடு வேலை செய்த தாதிமார் வருகிறார்கள், மற்றவர்கள் தெற்கு வாசலால் இறங்கி, அந்தக் கல் விழுந்த இடத்தை மிதித்து, கோயிலைச் சுற்றிக் குழியடிக்கு வந்து சேர்கிறார்கள், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக.

எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு நான் தனியே தெற்குப் பக்கம் போனேன், மண்டபத்துக் கம்பிவலைக் கதவில் பெல்லமியின் கையெழுத்தில் ஓர் அட்டை, நாங்கள் வந்த காலத்திலிருந்து தொங்குவது, இன்றைக்கும் தொங்குகிறது, தயவுசெய்து கதவைச் சாத்திவிட்டுப் போகவும், சிறு பறவைகள் உள்ளே வந்து வெளியே போக வழி தெரியாமல் செத்துப்போகின்றன.