பக்கத்து சீட்டில் யார்

பொழுதுபோக்குப் பூங்கா வாசலில் கொடுத்த வரைபடத்தை விரித்து, முதலில் எந்தப் பக்கம் போகலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் மனைவி பாதி தூரம் போய்விட்டாள்.

"அத மடிச்சு வைங்க. பெரிய ரயிலுக்கு இந்த சந்து வழியா போனா கூட்டம் இருக்காது."

எனக்கு அப்போதே மூக்கு வியர்த்தது. இந்த நாட்டுக்கு அவள் எனக்கு இரண்டு வருடம் முன்னால் வந்தவள்; முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதத்துக்கு முன்புதான் வந்து சேர்ந்தேன். கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற வேலை. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்த ஒரு நாளில், என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைப் பிளந்து வேடிக்கை பார்ப்பாள் என்று நினைத்திருந்தேன். அவளோ சொந்த வீட்டுக்குள் நடக்கிற மாதிரி நடந்தாள்.

"கண்ணாடியக் கழட்டிப் பையில போடுங்க. முதல் இறக்கத்துலயே பறந்துரும்."

"யாரோடது பறந்துச்சு?"

"எங்க பிசியோ சாரோடது, முன்ன இல்லத்துலருந்து இங்க வந்தப்ப," என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் இல்லத்தில் முதியவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற ஆள். பஸ் ஸ்டாப்பில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஆறடிக்கு மேல் இருப்பான். தலையில் என்னைவிட முடியும் அதிகம்.

அந்த ரயிலில் வரிசைக்கு இரண்டே சீட். கம்பி மடிமேல் இறங்கியதும் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். உச்சியில் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தால், அவள் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் ராட்டினத்தில் ஏறி, பயத்தில் என் சட்டையைக் கிழித்தவள்! எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, பொறாமைதான்.

"அன்னிக்கு எத்தனை பேர் வந்தீங்க?" என்று இறங்கியதும் கேட்டேன்.

"அஞ்சு பேரு."

வரிசைக்கு இரண்டு என்றால், ஐந்தில் ஒருவர் தனி. அதற்கப்புறம் படகு, பேய் வீடு என்று எதில் ஏறினாலும், அந்த ஐந்து பேரையும் மனதுக்குள் மாற்றி மாற்றி உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். எப்படி உட்காரவைத்தாலும் நெட்டையன் அவள் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தான்.

மத்தியானம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்ததைத் திறந்தோம்.

"என்னங்க, காலையிலருந்து உம்முன்னே இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. அன்னிக்கு ரயில்ல உன் பக்கத்துல யாரு உக்காந்தா?"

"பிசியோ சார்தான்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்!

"கையப் பிடிச்சானா?"

கேட்ட வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கோபப்படவில்லை. டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான் பிடிச்சேன்."

"அப்புறம் எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"மறைச்சேனா? அன்னிக்கு சாயங்காலமே ஃபோன்ல சொன்னேனே! பதினோராம் ரூம் தாத்தா என் கையப் பிடிச்சுக்கிட்டே செத்துப்போனாரு. நான் பாத்த முதல் சாவு. ரெண்டு நாளா சாப்பிடாம கிடந்தேன்னுதான் எல்லாரும் சேர்ந்து என்னை இங்க இழுத்துட்டு வந்தாங்க. ரயில்ல எல்லாரும் கத்துறப்ப நானும் கத்தி அழுதேன். வண்டி நின்னப்புறமும் பிசியோ சார் கைய நான் விடல. அவரு ஒண்ணும் கேக்காம உக்காந்திருந்தாரு. இவ்வளவும் ஒண்ணு விடாம உங்ககிட்ட சொன்னேங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"சூப்பர், நல்லா என்ஜாய் பண்ணுன்னீங்க. அன்னிக்கு கிரிக்கெட் ஃபைனல். பின்னாடி டிவி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

அவள் எழுந்து கை கழுவப் போனாள்.

அந்த ஃபைனல் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. கடைசி ஓவரை யார் போட்டது, எத்தனை ரன் வேண்டியிருந்தது, எல்லாம் சொல்வேன். பதினோராம் ரூம் தாத்தா மட்டும் எவ்வளவு துழாவியும் வரவில்லை. நெட்டையனைக் கேட்டால் சொல்வான்.